எழுபதைத் தாண்டிய செட்டுக்கு எது சரிப்படும்? வாட்ஸ்அப், கூகுள் குரூப்ஸ், ஜூம்: ஒரு மதிப்பீடு

கல்லூரியை விட்டு ஐம்பது வருடம் ஆன ஒரு செட் இன்று தொடர்பில் இருக்கிறது என்றால் அநேகமாக அது ஒரு வாட்ஸ்அப் குரூப்பாகத்தான் இருக்கும். காசு கிடையாது, சேர்ப்பது சுலபம், பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ ஏற்கெனவே போனில் போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஆனால் எழுபது வயதுக்காரரின் கண்ணையும் காதையும் விரலையும் மனதில் வைத்து யாரும் அதைச் செய்யவில்லை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: அன்றாடப் பேச்சுக்கு அதற்கு ஈடு இல்லை, ஆனால் எதையும் பத்திரப்படுத்த அதை நம்பக் கூடாது. அதற்குக் கூகுள் குரூப்ஸ் மின்னஞ்சல் பட்டியலும் அச்சிட்ட ஒரு முகவரிப் பட்டியலும் வேண்டும். ஜூம், கூகுள் மீட் இரண்டும் மாதம் ஒருமுறை முகம் பார்க்க.

வாட்ஸ்அப்பில் ஒரு குரூப்புக்கு 256 பேர் என்றிருந்த வரம்பு 2022இல் முதலில் 512, பிறகு 1,024 என்று உயர்ந்தது. ஒரு வகுப்புக்கு அதில் கால்வாசிகூடத் தேவைப்படாது. தொல்லை எண்ணிக்கையில் வராது, பெயரில் வரும். யாருடைய எண்ணை நாம் சேமித்து வைக்கவில்லையோ, அவர் வெறும் எண்ணாகவும், பக்கத்தில் அலைக்குறி போட்ட ஒரு பெயராகவும்தான் தெரிவார். அந்தப் பெயரை வைத்தது பெரும்பாலும் போனை வாங்கிக் கொடுத்தவர். ஆகவே 'அப்பா', 'தாத்தா நியூ' என்றெல்லாம் இருக்கும். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்த வகுப்பாக இருந்தால் யார் பேசுகிறார் என்றே புரியாது. செட்டிங்ஸில் பெயரைத் தொட்டு, இனிஷியல், பெயர், பாடப்பிரிவு என்று மாற்றச் சொல்லுங்கள். அந்த இடத்தில் 25 எழுத்துகள்தான் கொள்ளும். தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்காவதால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், சுருக்கமாக வையுங்கள். ஹாஸ்டல் பட்டப்பெயரையும் சேர்த்தால் இன்னும் நல்லது. முகம் மறந்தவர்களுக்குக்கூட அந்தப் பெயர் மறந்திருக்காது. முகப்புப் படத்தில் இப்போதைய முகத்தையும் படித்த காலத்து முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தால், 'இவன் யாருடா' என்ற தனிச் செய்திகள் பாதியாகக் குறையும்.

குரல் செய்திதான் இந்த வயதுக்கு வாட்ஸ்அப் தரும் பெரிய வசதி. கை நடுங்குபவர்கள், கண்புரை உள்ளவர்கள், தமிழ்த் தட்டச்சு பழகாதவர்கள் எல்லோரும் பேசிவிடலாம். மைக் குறியை அழுத்திப் பிடித்து மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், அதன்பின் விரலை எடுத்துவிடலாம். இது தெரியாமல் நடுவில் விரல் நழுவி, பாதிப் பேச்சோடு போய்விடுவதுதான் அடிக்கடி நடப்பது. கேட்கும்போது வேறொரு சிக்கல்: போனைக் காதருகே கொண்டுபோனால் ஒலி ஸ்பீக்கரிலிருந்து காதுப்பக்கத்துக்கு மாறிவிடும், திரையும் அணையும். காது மந்தமானவர் 'சத்தமே வரலையே' என்று இன்னும் நெருக்கிப் பிடிப்பார், நிலைமை அப்படியே இருக்கும். போனை மேசையில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள், அல்லது இயர்போன் மாட்டச் சொல்லுங்கள். 1.5 மடங்கு, 2 மடங்கு வேகம் என்பது இளையவர்களுக்கான சௌகரியம். தெரியாமல் அந்தப் பொத்தானில் கை பட்டு, நண்பன் ஏன் இப்படி வேகமாகப் பேசுகிறான் என்று கலங்குபவர்கள் உண்டு. பழைய வேகம் வரும்வரை மறுபடி தொட்டால் சரியாகிவிடும். குரல் செய்தியில் ஒரு குறை: பின்னாளில் தேட முடியாது. நான்கு நிமிடப் பேச்சின் கடைசி இருபது நொடியில்தான் விஷயம் இருக்கும். ஒரு நிமிடத்துக்குள், தன் பெயரையும் விஷயத்தையும் முதலில் சொல்லிப் பேசுவது என்று குரூப்பில் ஒரு வழக்கம் ஏற்படுத்திவிடுவது நல்லது.

எழுதிப் பேசுபவர்களுக்குக் கட்டாயம் சொல்லித் தரவேண்டியது பதில் தரும் முறை. ஒருவர் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தது என்று எழுதுகிறார். அடுத்த நிமிடம் இன்னொருவர் ஒரு நகைச்சுவைத் துணுக்கு போடுகிறார். மூன்றாமவர் 'பிரமாதம், இன்னும் ஒன்று வேண்டும்' என்கிறார். எதற்கு? குறிப்பிட்ட செய்தியை வலப்பக்கம் தள்ளினால் அது மேற்கோளாக மேலே ஒட்டிக்கொள்ளும், பிறகு எழுதினால் குழப்பம் இல்லை. ஐந்து நிமிடப் பயிற்சி, பல மனஸ்தாபங்கள் மிச்சம். கை தவறி இரங்கல் செய்திக்குச் சிரிப்பு முகம் போட்டுவிட்டால், அதே முகத்தை மறுபடி தொட்டால் போய்விடும். தவறாக எழுதியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஏறத்தாழ இரண்டரை நாள் வரை எல்லோருக்குமாக அழிக்கலாம். யாருடைய செய்தியையும் அழிக்கும் அதிகாரம் அட்மினுக்கு உண்டு. அதைப் பயன்படுத்தும் முன் சம்பந்தப்பட்டவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். ஐம்பது வருட நட்பு ஒரு 'நீக்கப்பட்டது' வரியில் முறிந்துபோகும்.

ஃபார்வர்டு என்னும் பெருந்தொல்லை

பழைய மாணவர் குரூப்பைக் கொல்வது அரசியலும் ஃபார்வர்டும்தான். ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது. பலமுறை கைமாறி வந்ததற்கு இரட்டை அம்புக்குறி விழும், அதை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம். இந்தத் தடைகள் நிதானமாக ஒவ்வொன்றாக அனுப்பும் ஓய்வுபெற்றவரிடம் பலிக்காது. அவருக்கு நேரம் இருக்கிறது.

தடை போடுவதும் பலன் தருவதில்லை. காலை வணக்கப் படம் அனுப்புபவர் பெரும்பாலும் தட்டச்சு வராதவர். 'நான் இருக்கிறேன்' என்று சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். தினமும் ஆறு மணிக்குப் பூப்படம் போடும் ஒருவர் மூன்று நாள் போடவில்லை என்றால் யாராவது போன் செய்து விசாரிப்பார்கள். தனியாக வசிப்பவருக்கு அது சாதாரண விஷயமல்ல. ஆகவே வணக்கப் படங்களுக்கும் ஃபார்வர்டுகளுக்கும் தனியாக ஒரு குரூப் திறந்துவிடுங்கள். விருப்பமில்லாதவர்கள் அதை 'எப்போதும்' என்று மியூட் செய்துகொள்ளட்டும். முக்கியக் குரூப்பில் சொந்தச் செய்தி மட்டும். மருத்துவ ஃபார்வர்டுகளுக்கு மட்டும் கண்டிப்பு வேண்டும். மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்தச் செய்தியையும், வகுப்புத் தோழரான டாக்டரே அனுப்பியிருந்தாலும், அட்மின் அழித்துவிடலாம். இந்த வயதில் படித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள், செய்து பார்த்துவிடுவார்கள்.

2022 நவம்பரில் வந்த கம்யூனிட்டி வசதியில் பல குரூப்புகளை ஒரே கூரையின்கீழ் வைத்து, அட்மின் மட்டும் எழுதும் அறிவிப்புப் பகுதி ஒன்றையும் தருகிறார்கள். இருநூறு பேருக்கு மேல், நாலைந்து பாடப்பிரிவு சேர்ந்த செட்டுக்குத்தான் அது தேவை. ஐம்பது அறுபது பேருக்கு வீண் சிக்கல். அறிவிப்பு வேறு வரியில் வந்து விழும், பாதிப்பேர் அதைத் திறக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு முக்கியக் குரூப்பில் செய்தியை மேலே ஒட்டி வைக்கும் 'பின்' வசதியே போதும். 24 மணி, 7 நாள், 30 நாள் என்று காலம் வைக்கலாம்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலை அறிவிப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். 256 பேரைச் சேர்க்க விடும், ஆனால் அனுப்புபவரின் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச்சேரும். 'எனக்கு யாரும் சொல்லவே இல்லை' என்ற கோபங்களில் பல இப்படித் தொடங்கியவை.

போட்டோக்களால் போன் நிரம்புவது அடுத்த புகார். சாட் அமைப்பில் மீடியாவை கேலரியில் காட்டுவதை நிறுத்துங்கள், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். ஏற்கெனவே நிரம்பியிருந்தால் ஸ்டோரேஜ் பகுதியில் 5 எம்பிக்கு மேற்பட்டவற்றைத் தனியாகக் காட்டும், அங்கிருந்து அழிக்கலாம். வகுப்புப் புகைப்படத்தை ஸ்கேன் செய்து அனுப்புபவர்கள் டாக்குமென்ட்டாக அனுப்பவேண்டும். போட்டோவாக அனுப்பினால் அமுக்கப்பட்டு, மூன்றாவது வரிசை முகங்கள் கரைந்துவிடும்.

எண் போனால் எல்லாம் போகும்

வாட்ஸ்அப்பில் ஆள் என்பது எண்தான். 120 நாள் பயன்படுத்தாவிட்டால் பொதுவாகக் கணக்கு நீக்கப்படும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஆறு மாதம் போய்த் தங்குபவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். அங்கே புது சிம் போட்டு, புது எண்ணில் மறுபடி இன்ஸ்டால் செய்துவிடுவார்கள். குரூப்புக்கு அவர் அந்நியர். பழைய எண் ஒற்றை டிக்கோடு நிற்கும். சரியான வழி இரண்டு. பழைய சிம்மை உயிரோடு வைத்துக்கொண்டு, அதே வாட்ஸ்அப்பை வைஃபையில் தொடர்வது ஒன்று. அல்லது, பழைய எண் இயங்கும்போதே கணக்கு அமைப்பில் 'எண் மாற்று' என்பதைச் செய்வது. பின்னதில் எல்லாக் குரூப்புகளும் கூடவே வரும், மாறிய செய்தியும் குரூப்பில் தெரியும். கணினியில் மட்டும் பார்ப்பவர்கள் கவனிக்க: போனில் 14 நாளுக்கு மேல் திறக்காவிட்டால் இணைத்த கருவிகள் அறுந்துவிடும்.

இருபடி சரிபார்ப்பை, அதாவது ஓடிபியோடு நாமே வைத்த ஒரு பின் எண்ணையும் கேட்கும் பூட்டை, எல்லோருக்கும் போட்டுக் கொடுங்கள், இதில் சமரசம் வேண்டாம். மோசடி வழக்கமாக இப்படிப் போகும்: ஒரு தோழரின் கணக்கைப் பறித்தவர், அவர் பெயரிலேயே மற்றவர்களுக்கு எழுதுவார். 'தவறுதலாக ஓர் ஆறு இலக்க எண் உனக்கு வந்திருக்கும், அனுப்பு.' அனுப்பியதும் அடுத்த கணக்கும் போய்விடும். பிறகு அவசரப் பணம் கேட்டு ஒரு சுற்று. நண்பன் கேட்டான் என்றதும் யோசிக்காமல் கொடுக்கும் செட்டில் இது மளமளவென்று பரவும். ஆறு இலக்கப் பின் போட்டிருந்தால் ஓடிபி மட்டும் கையில் கிடைத்தாலும் உள்ளே வர முடியாது. பின் அமைக்கும்போதே மீட்பு மின்னஞ்சலையும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னை மறந்தவர் மாற்றியமைக்க ஏழு நாள் காத்திருக்க நேரும். மறப்பது உறுதி.

அட்மின் மூன்று பேராவது இருக்கட்டும், அதில் ஒருவர் வேறு ஊரில் இருக்கட்டும். ஒரே அட்மின் குரூப்பைவிட்டு விலகினால் வாட்ஸ்அப்பே வேறொருவரை அட்மினாக்கிவிடும். ஆனால் அவர் படுத்த படுக்கையானாலோ இறந்துபோனாலோ அவர் 'விலகியதாக' ஆகாது. அட்மின் மட்டுமே செய்யக்கூடிய எதையும் செய்ய முடியாமல் குரூப் அப்படியே நிற்கும்.

கூகுள் குரூப்ஸ்

பார்வைக்குப் பழசு, ஆனால் நீண்ட கடிதம் எழுதும் தலைமுறைக்கு இதுதான் பொருத்தம். ஒரே முகவரிக்கு எழுதினால் எல்லோருக்கும் போகும், எழுதியதெல்லாம் தேடக்கூடிய விதத்தில் தங்கும். ஜிமெயில் இல்லாதவரையும் சேர்க்கலாம். அஞ்சல் வரும், பழையதை இணையத்தில் புரட்டத்தான் கூகுள் கணக்கு வேண்டும். அடிக்கடி வரும் அஞ்சல் பிடிக்காதவருக்கு டைஜஸ்ட் வைத்தால் 25 செய்திகள் வரை ஒரே அஞ்சலில் சேர்ந்து வரும். இரண்டு இடத்தில் பிசகும். ஒன்று, முதல் சில அஞ்சல்கள் ஸ்பேமில் விழும். எல்லோரும் குரூப்பின் முகவரியைத் தொடர்புகளில் சேர்த்துக்கொள்ளவேண்டும். இன்னொன்று, அஞ்சல் திரும்பி வந்துகொண்டே இருந்தால் அந்த உறுப்பினருக்கு அனுப்புவதைக் கூகுள் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். நடத்துபவர் சில மாதங்களுக்கு ஒருமுறை உறுப்பினர் பட்டியலில் அஞ்சல் திரும்பியதற்கான குறியீடு யாருக்கு விழுந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். இரண்டு வருடம் தொடாத ஜிமெயில் கணக்கை நீக்கும் கொள்கையும் இப்போது நடைமுறையில் இருக்கிறது.

இதையும் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். யாஹூ குரூப்ஸில் எத்தனையோ பழைய மாணவர் பட்டியல்கள் இருந்தன. சேமித்திருந்த பதிவுகளை 2019 இறுதியில் நீக்கத் தொடங்கினார்கள், 2020 டிசம்பர் 15இல் சேவையையே மூடினார்கள். ஆர்குட் அதற்கு முன்பே, 2014 செப்டம்பர் 30இல் போயிற்று. எந்தச் சேவையானாலும் வருடத்துக்கு ஒரு பிரதி வெளியே எடுத்து வைக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் 'எக்ஸ்போர்ட்' செய்தால் படங்கள் இல்லாமல் 40,000 செய்திகள், படங்களோடு 10,000 மட்டுமே வரும். நாளுக்கு 60 செய்தி வரும் குரூப்பில் ஒரு வருடத்துக்கு 21,900 ஆகிவிடும். இரண்டு வருடம் விட்டால் பழையது வெட்டுப்படும். கூகுள் டிரைவ் பேக்கப் வேறு விஷயம். அது தன் போனை மீட்டுக்கொள்ள, அதுவும் 15 ஜிபி இலவச இடத்தில்தான் கணக்காகிறது.

முகம் பார்க்க

வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் 32 பேர் வரலாம், நேர வரம்பு இல்லை, மணி அடித்தால் எடுத்தால் போதும். லிங்க்கைத் தேடித் தொடத் தெரியாதவர்களுக்கு இதுவே நல்லது. ஜூம் இலவசக் கணக்கில் 100 பேர், 40 நிமிடம். மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம். நாற்பது நிமிடம் குறைவு என்று எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். ஆனால் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தால் 36 ஆகிறது. ஒருவர் பெயர் சொல்லி அழைக்க, மற்றவர்கள் மியூட்டில் இருந்தால் எல்லோரும் பேசிவிடலாம். வரம்பே இல்லாத கூட்டத்தில் இரண்டு பேர் மட்டும்தான் பேசுவார்கள், எந்த இருவர் என்பது கல்லூரிக் காலத்திலேயே முடிவானது. அதிக பேர் வந்தால் அவர்களைப் பாடப்பிரிவு வாரியாகப் பிரித்து வெவ்வேறு நாளில் வைப்பதுதான் வழி.

எதிரொலி வந்தால் பெரும்பாலும் ஒரே அறையில் இரண்டு கருவிகள் திறந்திருக்கின்றன என்று அர்த்தம். ஒன்றில் ஒலியும் மைக்கும் இரண்டும் அணையவேண்டும். பலர் மைக்கை மட்டும் அணைத்துவிட்டு விழிப்பார்கள்.

நேரம் வைப்பதில் மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்கள் ஏமாற்றும். அமெரிக்காவில் கடிகாரம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறும். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாறும். இடைப்பட்ட வாரங்களில் இவ்விரண்டுக்கும் நடுவிலான வழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். அறிவிப்பில் ஒவ்வொரு ஊரின் நேரத்தையும் தனித்தனியாக எழுதிவிடுங்கள், கூட்டிக் கழிக்க விடாதீர்கள்.

ஃபேஸ்புக், லிங்க்ட்இன், கல்லூரியின் பழைய மாணவர் தளம் எல்லாம் காணாமல்போனவரைத் தேடிப் பிடிக்க மட்டும். கண்டுபிடித்ததும் எண்ணை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

பட்டியல்

இதற்கு மட்டும் எந்தச் செயலியும் ஈடில்லை. கூகுள் ஷீட்டில் வைத்து, திருத்தும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்து, 'லிங்க் உள்ள எவரும்' என்பதை அணைத்து வையுங்கள். பெயர், பட்டப்பெயர், பிரிவு, ஊர், இரண்டு எண்கள், மின்னஞ்சல், துணைவரின் பெயர், பேசுவதா எழுதுவதா, எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று பத்திகள் இருக்கட்டும். பிறந்தநாளில் தேதியும் மாதமும் போதும், ஆண்டு வேண்டாம். எல்லாவற்றிலும் முக்கியமான பத்தி, மகன் அல்லது மகள் ஒருவரின் பெயரும் எண்ணும். தோழர் எடுக்காதபோது, அந்த ஒரு எண் இல்லாவிட்டால் மற்ற எதுவும் உதவாது. வருடத்துக்கு இரண்டு முறை தேதியிட்டு, 14 புள்ளி எழுத்தில் அச்சிட்டு அனுப்புங்கள். போன் பழுதாகும் அன்றுதான் காகிதம் தேவைப்படும்.

இறப்புச் செய்தியைக் குடும்பத்தாரிடம் நேரே கேட்டு உறுதி செய்தபின், இனிஷியல், பிரிவு, பட்டப்பெயரோடு அட்மின் மட்டுமே போடவேண்டும். இல்லையேல், அதே பெயர்க்காரர் இன்னொருவர் இருந்தால் விபரீதமாகும். சில வேளை இறந்தவரின் போனிலிருந்தே அவர் மகள் எழுதுவார். அவர் பெயரிலேயே அவர் இறந்த செய்தி வந்து பலரைக் குலுக்கிவிடும். அட்மினுக்கு அழைக்கச் சொல்லி முன்கூட்டியே குடும்பத்திடம் தெரிவித்து வைத்தால் அது நேராது. எண்ணை உடனே குரூப்பிலிருந்து எடுக்க வேண்டாம், குடும்பத்தைக் கேட்டுச் செய்யலாம். ஆனால் சிம் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போகும் முன் எடுத்துவிடவேண்டும்.

இரங்கல் செய்திகள் இரண்டு நாளில் மேலே ஏறி மறைந்துவிடும். எக்ஸ்போர்ட் செய்து, அந்த வாரத்துப் பகுதியை மட்டும் வெட்டி, அச்சிட்டுக் குடும்பத்துக்கு அனுப்பலாம். ஒன்றைக் கவனியுங்கள்: எக்ஸ்போர்ட் செய்பவரின் போனில் யாரை எந்தப் பெயரில் சேமித்திருக்கிறாரோ அதே பெயர்தான் ஒவ்வொரு வரியின் முன்னாலும் விழும். 'மொட்டை', 'கஞ்சன் ரூம் 14' என்றெல்லாம் இருந்தால் அச்சுக்குப் போகும் முன் மாற்றிவிடுங்கள்.